யாரும் இயக்காத வரிகள்

2014 ஏப்ரல் 7 அன்று ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. உலகத்து வலைச் சர்வர்களில் பெரும்பகுதி நம்பியிருந்த, அந்த ஓட்டை இருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் மூலநிரலைப் பலரும் அப்போதுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தார்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் பார்த்ததோடு நிற்கவில்லை. மொத்த நிரலையும் பிரதியெடுத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரி சி நிரல் போயிற்று. 16 பிட் விண்டோஸுக்காக எழுதியவை, ஓஎஸ்/2, நெட்வேர், பழைய மேக், விஎம்எஸ் ஆகியவற்றுக்காக எழுதியவை என்று எத்தனையோ அதில் இருந்தன. வெட்டியது போக மிஞ்சியது லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற பெயரில் அந்த ஆண்டு ஜூலையில் மற்ற இயங்குதளங்களுக்கும் வந்தது.

பத்து ஆண்டு தாண்டிய எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். விற்பனையே நின்றுபோன கணினிக்கான கிளைகள் இருக்கும். எப்போதோ ஒரு சோதனைக்கென்று போட்ட ஃபிளாக்குகள், எவரும் அழைக்காத ஃபங்ஷன்கள் எல்லாம் இருக்கும். பராமரிப்பு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது பழக்கம். எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எடுப்பதில்லை. எடுத்தவர்களில் சிலர் பெரிய சேதத்தை உண்டாக்கியும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் முடிவு. அந்த வரிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று அறிந்தவர் பக்கத்தில் இல்லை. வரிகளை அழிப்பது நொடி வேலை. அழிக்கலாமா என்று அறிவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. அந்த அறியும் வேலையை யாரும் வேலையாகக் கணக்கில் வைப்பதில்லை.

இவற்றில், பில்ட் செய்யும்போதே ஒரு பகுதியைச் சேர்க்கவோ விடவோ சொல்லும் பில்ட் ஃபிளாக்கை ஏன் தனியாகப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சி, சி++ மொழிகளில் ‘இஃப்டெஃப்’ போட்டு ஒரு பகுதியை அடைத்துவிட்டால், ஃபிளாக் அணைந்திருக்கும்போது அந்தப் பகுதி கம்பைலரிடம் போய்ச் சேருவதே இல்லை. அதற்கு முன்பே ப்ரீபிராசஸர் வெட்டிவிடும். உள்ளே எழுத்துப்பிழை இருக்கட்டும், என்றோ பெயர் மாறிப்போன ஃபங்ஷன் இருக்கட்டும், பில்ட் குறையில்லாமல் முடியும். ஒவ்வொரு ஃபிளாக்கும் சேரச்சேர அதே மூலத்திலிருந்து உருவாகக்கூடிய நிரல்களின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. 10 ஃபிளாக் இருந்தால் 1,024 வெவ்வேறு நிரல்கள். 20 இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேல். நாம் சோதித்துப் பார்ப்பது அதில் நாலைந்தை.

ஓபன்எஸ்எஸ்எல்லிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்த நூலகம் நினைவகத்துக்குத் தன்னுடைய சொந்த ஏற்பாடு ஒன்றை வைத்திருந்தது. பயன்படுத்தி முடித்த இடையகத்தை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்காமல் ஒரு பட்டியலில் வைத்திருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும். இயங்குதளம் நினைவகத்துக்குப் போட்டிருந்த பாதுகாப்புகளை இது செல்லாததாக்கியது. இதை அணைக்க ஒரு பில்ட் ஃபிளாக்கும் இருந்தது. ஓபன்பிஎஸ்டியின் டெட் உனாங்ஸ்ட் அதை அணைத்துப் பார்த்தார். நூலகம் வேலை செய்யவில்லை. விடுவித்த இடையகமே அதே உள்ளடக்கத்தோடு அடுத்த முறையும் கைக்கு வரும் என்று ஓரிடத்தில் நிரல் எதிர்பார்த்திருந்தது. ஆவணத்தில் இருந்த ஒரு தெரிவு உண்மையில் இல்லவே இல்லை. அந்த ஃபிளாக்கைப் போட்டு யாராவது தொடர்ந்து பில்ட் செய்து பார்த்திருந்தால், பட்டியலை நம்பியிருந்த அந்தப் பிழை முன்பே தெரிந்திருக்கும். ஹார்ட்பிளீட்டுக்குக் காரணமான ‘ஹார்ட்பீட்’ வசதியையும் பில்ட் செய்யும்போதே அணைத்துவிட வழி இருந்தது. பெரும்பாலான வலைச் சர்வர்களுக்கு அந்த வசதி தேவையே இல்லை. ஆனாலும் 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்து இயல்பாகவே அது இயங்கும் நிலையில் இருந்தது.

2011இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலின் 2.6.35 பதிப்பை இந்தக் கோணத்தில் அலசினார்கள். எந்த ஃபிளாக்கை எப்படி வைத்தாலும் ஒருபோதும் கம்பைல் ஆகாத பகுதிகளும், எப்படி வைத்தாலும் கம்பைல் ஆகியே தீரும், ஆகவே ஃபிளாக்கே தேவையில்லாத பகுதிகளும் இருக்கின்றனவா என்று ஒரு கருவியை வைத்துத் தேடினார்கள். 1,776 குறைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மனதை விட்டுப் போக மறுக்கிறது. கெர்னலில் சிபியு கழற்றுவதற்கான ஃபிளாக்கின் பெயர் ‘கான்ஃபிக்_ஹாட்பிளக்_சிபியு’. ஓரிடத்தில் அதை ‘கான்ஃபிக்_சிபியு_ஹாட்பிளக்’ என்று மாற்றி எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு ஃபிளாக் இல்லை. இல்லாத ஃபிளாக்கை இஃப்டெஃப் அணைந்த ஃபிளாக்காகவே எடுத்துக்கொள்கிறது, எச்சரிக்கை கூடத் தருவதில்லை. சிபியுவைக் கழற்றும்போது நடக்க வேண்டிய துப்புரவு வேலை அதனால் நடக்கவில்லை. படிக்கிறவர் கண்ணுக்கு அந்த வரி உயிரோடு இருந்தது. கணினிக்கு அது இல்லை.

சும்மா கிடக்கும் நிரல் கிடந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு நைட் கேப்பிட்டல் நிறுவனத்தின் கதையை முழுதாகச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய தரகு நிறுவனம் அது. ‘பவர் பெக்’ என்ற பெயரில் ஆர்டர் அனுப்பும் ஓர் ஏற்பாட்டை 2003இல் பயன்படுத்துவதை நிறுத்தியது. நிரல் மட்டும் சர்வரில் இருந்தது, அழைத்தால் ஓடும் நிலையில். ஓர் ஆர்டருக்கு வேண்டிய பங்குகள் வாங்கி முடிந்ததா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதியை 2005இல் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். பவர் பெக் ஓய்ந்துபோனதுதானே என்று அதை மறுபடி சோதிக்கவில்லை. 2012இல் நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. அதற்கான புது நிரலைத் தொடங்கிவைக்க, முன்பு பவர் பெக்கைத் தொடங்கிவைத்த அதே ஃபிளாக்கை எடுத்துக்கொண்டார்கள். புது நிரல் ஏழு சர்வர்களில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்தார்கள்.

ஆகஸ்ட் 1 காலை 9:30க்குச் சந்தை திறந்தது. எட்டாவது சர்வர் அந்த ஃபிளாக்கைப் பார்த்ததும் ஒன்பது ஆண்டு தூங்கிய பவர் பெக்கை எழுப்பியது. எண்ணி நிறுத்தும் பகுதி அதனோடு இல்லாததால் அது ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வந்தவை 212 ஆர்டர்கள். 45 நிமிடத்தில் 154 பங்குகளில் நாற்பது லட்சம் பரிவர்த்தனைகள் நடந்தன. கைமாறியவை 39 கோடியே 70 லட்சம் பங்குகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே பவர் பெக்கின் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கைக்கென்று வடிவமைத்தவை அல்ல, யாரும் கவனிக்கவில்லை. நடுவில் அவர்கள் செய்த திருத்தம் இன்னும் கொடுமை. புது நிரல்தான் கோளாறு என்று எண்ணி, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்தார்கள். அந்த ஏழிலும் பவர் பெக் எழுந்தது. தங்கள் சர்வருக்குள் பழைய நிரல் ஒன்று காத்திருப்பதாக அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து தனி அடையாளத்தை இழந்தது.

இதைப் பெரும்பாலும் சர்வரில் ஏற்றும்போது நடந்த கவனக்குறைவாகவே பேசுகிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் 2003இலோ 2005இலோ அந்த நிரலை எடுத்திருந்தால், எட்டாவது சர்வரில் மறதி நடந்திருந்தாலும் அந்த ஃபிளாக்கால் எழுப்ப எதுவும் இருந்திருக்காது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் சிதறியதும் இதே வகை. ஏரியான் 4இலிருந்து வந்த ஒரு கணக்கீடு, புதிய ராக்கெட் கிளம்பிய பிறகு எந்தப் பயனும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்க முயன்று அது விழுந்தபோது, வழிகாட்டும் கருவியையும் கூட இழுத்துக்கொண்டு விழுந்தது.

பில்ட் ஸ்கிரிப்டுகளைப் பொறுத்தவரை 2024இல் வேறொரு வகை ஆபத்தும் தெரியவந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர் மார்ச் மாத இறுதியில் கண்டுபிடித்தார். அந்தப் பின்கதவைத் திறக்கும் வரிகள் ஆட்டோகான்ஃப் கோப்புக்குள் ஒளிந்திருந்தன. அதே திட்டத்தின் சிமேக் கோப்பிலும் ஒரு வேலை நடந்திருந்தது. ‘லேண்ட்லாக்’ என்ற பாதுகாப்பு வசதி கணினியில் உண்டா என்று ஒரு சிறு நிரலைக் கம்பைல் செய்து சோதிக்கும் இடத்தில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி. அதனால் அந்தச் சிறு நிரல் எங்கேயும் கம்பைல் ஆகாது. வசதி இல்லை என்று பில்ட் முடிவுகட்டி, பாதுகாப்பை அணைத்துவிடும். எவரும் படிக்காத இடம் என்று தெரிந்துதான் ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முப்பது ஆண்டுப் பழைய யூனிக்ஸ் வகைகளுக்கான சோதனைகள் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும் கோப்பில், புதிதாகச் சேர்ந்த ஒன்றை யார் கவனிப்பார்கள்?

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து வெட்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு காட்டியது. 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியிலிருந்து இரண்டு வரிகளை விலக்கினார்கள். நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி, மதிப்பு கொடுக்காத நினைவகத்தைப் படிப்பதாக அவற்றைக் குறைசொன்னது. இரண்டும் பார்க்க ஒரே வரி. அழைக்கும் ஃபங்ஷன் ஒன்றே, கொடுக்கும் மதிப்புகளும் அதே பெயரில். ஆனால் ஒன்று, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதகமில்லாதது. மற்றொன்று, ரேண்டம் எண் உருவாக்கத்துக்கு வேண்டிய மூலப்பொருள் உள்ளே நுழையும் வாசல். அது அடைபட்டதும் சாவிகளில் மாறக்கூடியதாக மிஞ்சியது புராசஸ் எண் ஒன்றுதான். அது அதிகம் போனால் 32,768. 2008 மே 13 அன்று விஷயம் வெளியானபோது அந்த இடைக்காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உண்டாக்கிய எஸ்எஸ்ஹெச் சாவிகளையெல்லாம் தூக்கியெறிய வேண்டி வந்தது.

பாதகமில்லாத அந்த வரியை ஓபன்எஸ்எஸ்எல்காரர்கள் ஏற்கனவே ‘ப்யூரிஃபை’ என்ற பில்ட் ஃபிளாக்குக்குள் அடைத்து, இந்த வகைக் கருவிகள் குறைசொல்லும் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தார்கள். அந்த ஃபிளாக்கைப் போட்டிருந்தால் ஒரு வரி மட்டும் விலகியிருக்கும், இன்னொன்று பிழைத்திருக்கும். விலக்கியவர் கேட்காமலும் செய்யவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் தரப்பில் கேட்டார். பிழைதேட உதவுமென்றால் எடுக்கலாம் என்ற பொருளில்தான் பதில் வந்தது. பிழைதேடும்போது மட்டும் எடுப்பதற்கும், லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் பொதியிலிருந்தே எடுப்பதற்கும் உள்ள தூரத்தை அந்தக் கேள்வியும் பதிலும் கடக்கவில்லை. வெட்டுவதில் முன்னோடிகளான லிப்ரெஎஸ்எஸ்எல்காரர்களும் தப்பவில்லை. தேவையில்லை என்று அவர்கள் வெறுமையாக்கிய ஒரு ரேண்டம் ஃபங்ஷனைச் சில நிரல்கள் லினக்ஸில் பாதுகாப்புக்காகவே அழைத்துவந்தன. முதல் வெளியீடு வந்த சில நாட்களுக்குள் அதற்கென்றே திருத்தப் பதிப்பு வந்தது.

ஆகவே கேள்வி, இது ஓடுகிறதா என்பதோடு நிற்பதில்லை. இதை நம்பியிருப்பவர் எங்காவது இருக்கிறாரா? இருந்தால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நூலகமோ இயங்குதளமோ செய்பவர்களுக்குத் தங்கள் பயனர் யார் என்றே தெரியாது. லினக்ஸ் இதில் எடுத்த முடிவுகள் கற்கத் தக்கவை. 2012 டிசம்பரில் இன்டெல் 386க்கான ஆதரவை நீக்கினார்கள். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதியதே ஒரு 386 கணினியில். பின்னாளைய சிபியுக்களில் உள்ள சில அடிப்படைக் கட்டளைகள் 386இல் இல்லை; அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாருடைய நிரலிலும் மாற்றுவழி வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 2018இல் 4.17 பதிப்பில் எட்டு சிபியுக் கட்டமைப்புகள் ஒரேயடியாகப் போயின: பிளாக்ஃபின், கிரிஸ், டைல் போன்றவை, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் வரிகள். அவற்றைச் செய்த நிறுவனங்களே பெரும்பாலும் ஆர்ம் சிபியுவுக்கு மாறியிருந்தன. அந்த வேலையை முன்னின்று செய்த ஆர்ன்ட் பெர்க்மன் ஒவ்வொன்றுக்கும் உரியவர்களைத் தேடிக் கேட்ட பிறகே வெட்டினார்.

இன்டெலின் இட்டானியம் சிபியு இன்னும் சிக்கல். 6.7 பதிப்பில் அதை எடுத்தபோது கெர்னல் தரப்பின் வாதம் நேரானது: பொதுவான நிரலில் மாற்றம் செய்கிறவர்கள் இட்டானியத்தில் அது ஓடுகிறதா என்று பார்க்க முடியவில்லை, சோதித்துச் சொல்லவும் ஆளில்லை. ஜிசிசி கம்பைலர் தரப்பில் வேறு வழக்கம் உண்டு. ஒரு கட்டமைப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு பதிப்பில் அதைக் காலாவதி என்று அறிவிப்பார்கள். அப்போதும் அது வேண்டுமென்றால் பில்ட் செய்கிறவர் ‘காலாவதியானதையும் சேர்’ என்ற தெரிவைத் தானே கொடுக்க வேண்டும். எவரும் முன்வராவிட்டால் அடுத்த பதிப்பில் நீக்கம். 14ஆம் பதிப்பில் இட்டானியத்தை அப்படி அறிவித்தார்கள். பராமரிக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தார். 15ஆம் பதிப்பில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். வெட்டும் முடிவு தோற்றதாக இதைச் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாகத் தெரியாதிருந்த ஒரு பயனரை அந்த அறிவிப்பு வெளியே கொண்டுவந்தது. எனக்குத் தெரிந்த எல்லா முறைகளிலும் இதுவே சிறந்தது: அமைதியாக எடுக்காமல், பில்டை உரக்க நிறுத்தி, தேவைப்பட்டவர் ஒரு சொல் சேர்த்தால் ஓடும்படி ஒரு பதிப்புக்காலம் விட்டுவைப்பது.

கருவிகள் நிறையவே இருக்கின்றன. யுனிஃப்டெஃப் என்ற பழைய யூனிக்ஸ் கருவியிடம் இந்த ஃபிளாக் இனி எப்போதும் அணைந்தது என்று சொன்னால், அந்த இஃப்டெஃப்புகளைப் பிரித்து, மற்ற வரிகளைத் தொடாமல் கொடுத்துவிடும். விம் எடிட்டரிலிருந்து 2014இல் நியோவிம் பிரிந்தபோது பழைய ஃபிளாக்குகளைக் களைய அதைத்தான் பயன்படுத்தினார்கள். லிப்ரெஆபிஸ் குழுவினர், அதன் முன்னோடியான ஸ்டார்ஆபிஸ் காலத்திலிருந்து வந்த ஜெர்மன் குறிப்புரைகளை மொழிபெயர்ப்பது, டிமேக் என்ற பழைய பில்ட் முறையைக் கைவிடுவது ஆகியவற்றோடு, எவரும் அழைக்காத ஃபங்ஷன்களை ‘கால்கேச்சர்’ கருவியால் பட்டியலிட்டுப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வேலையாகவே கொடுத்தார்கள். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பெரிய நிரலைக் கற்க, அதில் எது எதை அழைக்கிறது என்று தேடித் தேடி ஒன்றை எடுப்பதை விட நல்ல வழி குறைவு.

பெரிய நிறுவனங்கள் இதை இயந்திரத்திடமே விட்டுவிட்டன. ஊபரின் ‘பிரான்ஹா’ காலாவதியான ஃபிளாக்குகளை எடுக்கும் மாற்றங்களைத் தானே எழுதும். 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி 1,381 ஃபிளாக்குகளுக்கு அது எழுதியவற்றில் 65 சதவீதம் மனிதர் கைவைக்காமலேயே ஏற்கப்பட்டன. கூகுளின் ‘சென்சென்மான்’ அந்நிறுவனத்தின் சி++ நிரலில் ஏறத்தாழ 5 சதவீதத்தை நீக்கியிருப்பதாக 2023இல் சொன்னார்கள். மெட்டாவின் ‘ஸ்கார்ஃப்’ ஐந்து ஆண்டுகளில் பத்துக் கோடி வரிகளுக்கு மேல் நீக்கியது. மூன்றிலும் கவனிக்க வேண்டியது, மொத்த நிரலும் அந்த நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. அழைக்கும் இடம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எது எத்தனை முறை ஓடியது என்ற பதிவும் அவர்களிடமே உண்டு. ஊருக்கெல்லாம் நூலகம் எழுதித் தருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பெயரைச் சொல்லி ஓடும்போதே ஃபங்ஷனைத் தேடி அழைக்கும் நிரல்களில் எந்தக் கருவியும் தடுமாறும்.

மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதில் என் கருத்து உறுதியானது. நீக்கம் தனிக் கமிட்டாக இருக்க வேண்டும். அதே கமிட்டில் பெயர் மாற்றமோ வடிவச் சீரமைப்போ கூடாது. ஒரு ஃபிளாக்குக்கு ஒரு கமிட். அது எப்போது, எதற்காக வந்தது என்று கிட் வரலாற்றில் தேடிக் கண்டதை அந்தக் கமிட் செய்தியிலேயே எழுத வேண்டும். திரும்பக் கொண்டுவர நேர்ந்தால் ஒரே கட்டளையில் முடிய வேண்டும் என்பது ஒரு காரணம். நீக்குகிறவர் அந்தச் செய்தியை எழுத உட்காரும்போதுதான் தனக்கு உண்மையில் தெரியுமா தெரியாதா என்று கண்டுகொள்கிறார் என்பது பெரிய காரணம். எழுத முடியவில்லை என்றால் இன்னும் நீக்கும் நேரம் வரவில்லை. குறிப்புரைக்குள் அடைத்துவைத்துவிட்டு நீக்கியதாகச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட வேண்டும். பழையது கிட்டில் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகும் வேலை நடக்காமல் போவதற்குக் காரணம், அதற்குப் பெயரும் கணக்கும் இல்லாததே. 1982இல் ஆப்பிளின் லிசா குழுவில் வாராவாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் வரைகலைப் பகுதியொன்றைச் சுருக்கி, வேகமாக்கி, ‘மைனஸ் 2,000’ என்று நிரப்பினார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்று ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். படிவத்தையே மாற்றியிருக்க வேண்டும். இன்றும் ஆண்டு மதிப்பீட்டில் புதிதாக என்ன கொண்டுவந்தீர்கள் என்ற கேள்விக்கு இடம் இருக்கிறது, எதை எடுத்தீர்கள் என்பதற்கு இல்லை. அதை மாற்றாமல் ஒரு குழுவிடம் சுத்தம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குரோமியம் உலாவித் திட்டம் இந்தக் கணக்கை ஃபிளாக் பிறக்கும்போதே எழுதவைக்கிறது. 2013இல் வெப்கிட் என்ற உலாவி எஞ்சினிலிருந்து அதன் பிளிங்க் எஞ்சின் பிரிந்தபோதே, ஏழு பில்ட் முறைகளையும் 7,000க்கு மேற்பட்ட கோப்புகளையும், அவற்றிலிருந்த 45 லட்சத்துக்கும் அதிகமான வரிகளையும் எடுக்கலாம் என்று அறிவித்த குழு அது; சேரவிட்டால் எவ்வளவு சேரும் என்று அதற்குத் தெரியும். உலாவியின் சோதனை ஃபிளாக் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், அதன் பொறுப்பாளர் யார், எத்தனையாவது பதிப்போடு அது காலாவதி என்று ஒரு கோப்பில் பதிய வேண்டும். காலாவதியே ஆகாது என்பவற்றுக்குத் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. பழைய திட்டத்தில் இதைத் தொடங்க நினைப்பவர் எல்லா ஃபிளாக்கையும் ஒரே நாளில் தொட வேண்டியதில்லை. ஃபிளாக்குகளைப் பட்டியலிட்டு, பொறுப்பாளர் என்ற கட்டத்தில் பெயர் எழுத முடியாதவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அடுத்த வெளியீட்டில் பில்டை நிறுத்தும் அறிவிப்பைப் போட்டுப் பார்க்கலாம்.